துடுப்போரின் பெயர்களும் தளபதியின் புகழும்: கொரியக் கடற்படைத் தலைவர் யி சுன்-சின் வாழ்க்கை வரலாறு (1545–1598)

ஆய்வுச்சுருக்கம்

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசோன் அரசின் கடற்படைக்குத் தலைமை தாங்கிய யி சுன்-சின், உலகக் கடற்போர் வரலாற்றில் முதன்மையிடம் பெற்ற தளபதிகளுள் ஒருவர். அவரது வாழ்க்கை பெரும்பாலும் வெற்றிகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவர் எழுதிய போர்க்கால நாட்குறிப்பும் அரசவைக்கு அனுப்பிய போர் அறிக்கைகளும் வேறொரு வாசிப்புக்கு இடம் தருகின்றன. கலம் செலுத்திய துடுப்போர், கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்போர், அடிமைகள் ஆகியோர் அவற்றில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றனர். அதே மனிதர்களை வலிந்து படையில் நிறுத்திய கடுமையையும் அவ்வெழுத்துகள் மறைக்கவில்லை. இவ்விரு தன்மைகளையும் இணைத்து நோக்கி, யி சுன்-சின்னின் வாழ்க்கையை அவருடன் பணியாற்றியோரின் வாழ்க்கையோடு பொருத்தி எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: யி சுன்-சின், ஜோசோன் கடற்படை, போர்க்கால நாட்குறிப்பு, துடுப்போர், ஆமைக்கப்பல், வாழ்க்கை வரலாற்றியல்

1. முன்னுரை

கடற்படை என்பது கலங்களின் தொகுதி மட்டுமன்று. கலங்களைக் கட்டுவோர், செலுத்துவோர், அவற்றில் நின்று போரிடுவோர், அவர்களுக்கு உணவளிப்போர் என விரியும் மக்கள் தொகுதியும் ஆகும். ஆயினும் கடற்படைத் தலைவர்களின் வரலாறுகள் இம்மக்களைப் பின்புலமாக மட்டுமே காட்டுகின்றன. யி சுன்-சின்னின் வாழ்க்கையில் இக்குறையைக் களைவதற்கான சான்றுகளை அவரே விட்டுச் சென்றுள்ளார் என்பது குறிப்பிடத்தக்கது.

1592ஆம் ஆண்டுச் சந்திரமானப் புத்தாண்டு நாளில் தொடங்கும் அவரது நாட்குறிப்பு, 1598இல் அவர் இறப்பதற்கு இரு நாள்களுக்கு முன்வரை நீள்கிறது. இடையிடையே விடுபாடுகள் உண்டு. இதன் ஏழு கையெழுத்துத் தொகுதிகள் எஞ்சியுள்ளன. இன்று வழங்கும் ‘நாஞ்சுங் இல்கி’ (போர்க்கால நாட்குறிப்பு) என்னும் பெயர் அவர் இட்டதன்று. 1795இல் மன்னர் ஜொங்ஜோவின் ஆணைப்படி அவரது படைப்புகள் முழுத்தொகுப்பாக வெளிவந்தபோது பதிப்பாசிரியர்கள் சூட்டியது. 2013இல் இந்நாட்குறிப்பு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. கட்டுரையில் வரும் நாள்கள் சந்திரமானக் கணக்கிலிருந்து இன்றைய நாள்காட்டிக்கு மாற்றித் தரப்பட்டுள்ளன.

2. பிறப்பும் குடும்பமும்

யி சுன்-சின் 1545இல் தலைநகர் ஹான்சொங்கில் (இன்றைய சியோல்) பிறந்தார். குடும்பம் கற்றோர் மரபைச் சேர்ந்தது. ஆயினும் செல்வாக்கு இழந்திருந்தது. 1519இல் சீர்திருத்த அறிஞர்கள் அரசவையில் வேட்டையாடப்பட்ட நிகழ்வின் பின்விளைவுகள் அவருடைய பாட்டனாரையும் தாக்கின. தந்தை யி ஜொங் அரசுப் பதவி எதையும் நாடாமல் வாழ்ந்தார். நான்கு ஆண்மக்களுக்கும் சீனத் தொன்மத்தின் அறவேந்தர்களான ஃபூ சி, யாவ், ஷுன், யூ ஆகியோரின் பெயர்களை ஒட்டி வரிசையாகப் பெயரிட்டார். மூன்றாம் மகனுக்கு ஷுன் வேந்தனின் பெயர் அமைந்தது.

பின்னர்க் குடும்பம் தாயின் ஊரான ஆசானுக்குக் குடிபெயர்ந்தது. தலைநகரில் இளமைக்காலத்தில் அறிமுகமானவர்களுள் ஒருவர் ரியூ சொங்-ரியொங். பின்னாளில் அரசின் தலைமை அமைச்சராக உயர்ந்த இவரே யி சுன்-சின்னின் கடற்படைப் பதவிக்குக் காரணராக அமைந்தார்.

ஜோசோன் சமூகத்தில் நூற்புலமைத் தேர்வே உயர்வுக்கு வழி. படைத்தேர்வு இரண்டாம் நிலையில் வைத்து எண்ணப்பட்டது. யி சுன்-சின் இளமையில் நூல்களையே கற்றார். படைவீரர் பாங் ஜின் என்பவரின் மகளை மணந்தபின் வில்லையும் குதிரையையும் கையிலெடுத்தார். 1572ஆம் ஆண்டுத் தேர்வில் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. வில்லோ மரப்பட்டையால் காலைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார் எனினும் தேர்ச்சி பெறவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1576இல் தேறினார். அப்போது அவருக்கு வயது 31.

3. பதவிகளும் பணிநீக்கங்களும்

அவரது பணிவாழ்க்கையின் முதல் பதினைந்து ஆண்டுகள் தாழ்ந்த பதவிகளாலும் பணிநீக்கங்களாலும் ஆனவை. வடஎல்லைக் காவலில் தொடங்கித் தலைநகர்ப் படைப்பயிற்சி நிலையத்துக்கு வந்தவர், மேலதிகாரி சொ இக் தமக்கு வேண்டியவரை முறைமீறிப் பதவியுயர்த்தக் கேட்டபோது மறுத்தார். 1580இல் தென்கடற்கரையின் பால்போ என்னும் சிறு துறையில் தலைவரானார். இதுவே அவர் வகித்த முதல் கடற்படைப் பதவி. அங்கிருந்த அலுவலக முற்றத்து மரமொன்றை யாழ் செய்வதற்காக வெட்டியனுப்புமாறு உயரதிகாரி கேட்டபோது, அது அரசுடைமை என்று கூறித் தர மறுத்ததாக வரலாறு கூறுகிறது. 1582இல் பால்போவுக்கு ஆய்வுக்கு வந்தவர் அதே சொ இக். அவரது அறிக்கையின் விளைவாக யி சுன்-சின் பதவி இழந்தார்.

மீண்டும் வடஎல்லை. 1587இல் துமன் ஆற்று முகத்திலிருந்த நொக்துன் தீவின் படைவிளைநிலங்களைக் காத்துநின்றபோது ஜுர்சென் குடியினர் தாக்கினர். காவல் படை போதாது என முன்னரே அவர் கேட்டிருந்தார், மேலிடம் தரவில்லை. தோல்வியின் பழி மட்டும் அவர்மேல் விழுந்தது. பதவி பறிக்கப்பட்டுச் சாதாரண வீரராக வெள்ளுடையில் பணியாற்றும் தண்டனையைப் பெற்றார். கடைநிலை வீரரின் உணவையும் உறைவிடத்தையும் பகிர்ந்த இக்காலம் அவரது பிற்கால எழுத்துகளை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

1589இல் ஜொங்கொப் என்னும் சிற்றூர்ப் பகுதிக்கு ஆட்சியரானார். 1591இன் தொடக்கத்தில், ரியூ சொங்-ரியொங்கின் பரிந்துரையால், ஜொல்லா மாகாண இடப்புறக் கடற்படையின் தளபதியாக யொசு துறைமுகத்தில் அமர்த்தப்பட்டார். சிற்றூர் ஆட்சியர் ஒருவரை ஒரே வீச்சில் இத்துணை உயர்த்தலாகாது என அரசவையில் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் சொன்ஜோ அதனை ஏற்கவில்லை.

4. கலமும் அதன் அடித்தளமும்

அன்றைய ஜோசோன் கடற்படையின் முதன்மைக் கலம் ‘பானொக்சொன்’ எனப்பட்டது. 1555இல் வழக்கிற்கு வந்த இதில் இரு தளங்கள் இருந்தன. கீழ்த்தளத்தில் துடுப்போர் மறைவாக நின்று வலித்தனர். மேல்தளத்தில் வில்லாளரும் பீரங்கியாளரும் நின்று பொருதனர். தட்டையான அடிப்பாகம் கொண்டதால், ஏற்றவற்றம் மிகுந்த ஆழமற்ற கடலில் நின்ற இடத்திலேயே இக்கலம் திரும்பவல்லது. ஒரு கலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் துடுப்போரே.

இவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். கடற்படைப்பணி தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் கட்டாயச் சுமையாக இருந்தது. சட்டப்படி சுதந்திரக் குடிகளாயினும், தொழிலால் இழிந்தோராக இவர்கள் கருதப்பட்டனர். ஒருவர் தப்பியோடினால் அவரது உறவினரும் அண்டை வீட்டாரும் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். போரில் துடுப்போரால் பகைவரைக் காண இயலாது. காண்பதும் ஆணையிடுவதும் மேல்தளத்தின் வேலை. எனினும் கலம் திரும்புவதும் நிற்பதும் அவர்களின் தோள்வலியால் நடந்தன. பீரங்கி ஒருபுறம் சுட்டபின் மறுபுறத்தைப் பகைவர்க்கு நேராகத் திருப்பும் உத்தி முழுமையும் கீழ்த்தளத்தைச் சார்ந்தது.

ஆமைக்கப்பலும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. இப்பெயருடைய கலம் 1413ஆம் ஆண்டு அரசக் குறிப்பிலேயே இடம்பெற்றுள்ளது. யி சுன்-சின், நா தே-யொங் என்னும் அதிகாரியின் துணையோடு அதனைப் புதுவகையில் கட்டுவித்தார். அவரது அறிக்கை அதன் முகப்பில் நாகத்தலையையும் முதுகில் இரும்பு முட்களையும் குறிப்பிடுகிறது. உள்ளிருப்போர் வெளியே காணலாம், வெளியிலிருப்போர் உள்ளே காண இயலாது என விளக்குகிறது. இரும்புத் தகடு போர்த்த கப்பல் என்னும் பரவலான கூற்றுக்கு அவ்வறிக்கையில் சான்று இல்லை. நாட்குறிப்பின்படி, ஆமைக்கப்பலிலிருந்து பீரங்கிகளைச் சுட்டுச் சோதித்த நாளுக்கு மறுநாள் ஜப்பானியப் படை பூசானில் இறங்கியது.

5. 1592ஆம் ஆண்டுப் போர்கள்

1592 மே 23இல் தோயோதோமி ஹிதேயோஷியின் படை கொரியாவில் கால்வைத்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர் அடுத்தடுத்து இறங்கினர். மூன்று வாரங்களுக்குள் தலைநகர் வீழ்ந்தது. மன்னர் வடக்கே சென்றார். கியொங்சாங் மாகாணக் கடற்படை போரிடும் முன்னரே சிதறியது. அதன் வலப்புறத் தளபதி வொன் கியுன் யி சுன்-சின்னிடம் உதவி கேட்டார்.

முதல் பயணத்துக்கு முன்னாள், வீட்டுக்கு ஓடிப்போன வீரன் ஒருவன் பிடித்துக் கொணரப்பட்டுத் தலை வெட்டப்பட்டான். இதனை நாட்குறிப்பு எவ்விதத் தயக்கமுமின்றிப் பதிவு செய்கிறது. அதன்பின் கலங்கள் புறப்பட்டன. ஜூன் 16இல் ஒக்போவில் 26 பகைக்கலங்கள் அழிக்கப்பட்டன. ஜூலை 8இல் சாசொன் போரில் ஆமைக்கப்பல் முதன்முதலாகக் களம் கண்டது. அன்று துப்பாக்கிக் குண்டொன்று யி சுன்-சின்னின் இடத்தோளைத் துளைத்தது; அப்புண் நெடுநாள் ஆறவில்லை.

ஆகஸ்ட் 14இல் நிகழ்ந்த ஹான்சான் தீவுப்போர் போக்கை மாற்றியது. வாகிசாகா யாசுஹருவின் 73 கலங்கள் பாறைகள் நிறைந்த குறுகிய கியொன்னேரியாங் நீரிணையில் நின்றன. அங்கே போரிட்டால் பெரிய கலங்கள் ஒன்றோடொன்று மோதும். தோற்ற பகைவரும் கரையேறித் தப்புவர். ஆகவே சில கலங்களை அனுப்பி, பின்வாங்குவதுபோல் காட்டி, திறந்த கடலுக்கு அவர்களை வரச்செய்தார். பின்னர்க் கொக்கு சிறகு விரித்தாற்போன்ற அணிவகுப்பில் சூழ்ந்துகொண்டார். 59 கலங்கள் அழிந்தன அல்லது பிடிபட்டன. ஜப்பானியர் அணுகிவந்து கலமேறி வாளால் பொருவதில் வல்லவர். அணுகவிடாமல் தொலைவிலிருந்து பீரங்கியால் தாக்குவது இவரது முறை. மேற்குக் கடல்வழியே வடக்கிலுள்ள தம் படைக்கு உணவும் துணைப்படையும் அனுப்பும் ஜப்பானியரின் திட்டம் இத்துடன் தடைப்பட்டது. அக்டோபர் 5இல் பூசான் துறைமுகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கலங்கள் அழிக்கப்பட்டன. அப்போரில் நெருங்கிய துணைவரான ஜொங் உன் உயிரிழந்தார்.

6. அறிக்கைகளில் இடம்பெறும் பெயர்கள்

ஒவ்வொரு போருக்குப் பின்னும் அரசவைக்கு விரிவான அறிக்கை அனுப்பப்பட்டது. இவ்வறிக்கைகளின் இறுதிப்பகுதி ஆய்வாளர்களின் கூர்ந்த கவனத்துக்குரியது. இறந்தோரும் புண்பட்டோரும் எந்தக் கலத்தைச் சேர்ந்தவர், என்ன பணி செய்தவர், பெயர் என்ன என வரிசையாகக் குறிக்கப்படுகின்றனர். வில்லாளரோடு துடுப்போரும், சிப்பி எடுப்போரும், அரசு அடிமைகளும் கோயில் அடிமைகளும் அதே பட்டியலில் இடம்பெறுகின்றனர். பிறப்பால் தாழ்ந்தோரின் பெயர் வரிக்கணக்கிலும் உடைமைக்கணக்கிலும் மட்டுமே எழுதப்பட்ட சமூகத்தில், மன்னர் கண்ணில் படும் ஏட்டில் அவர்கள் போரிட்டு இறந்தோராகப் பெயர் பெற்றனர். இறந்தோர் குடும்பங்களுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்பதும் அப்பட்டியலின் நோக்கங்களுள் ஒன்று.

பகைவர் தலைகளின் எண்ணிக்கையைக் கொண்டே போர்த்திறனை அளப்பது அன்றைய வழக்கு. தலை வெட்டுவதில் நேரம் கழிப்பதைவிட மேலும் அம்பு எய்வதே மேல் என யி சுன்-சின் வீரர்களுக்கு அறிவுறுத்தினார். தலை கொணராவிடினும் உழைத்தோரை முதன்மையாக அறிக்கையிடுவதாக உறுதியளித்து, அவ்வாறே செய்தார். தலை வெட்டும் வாய்ப்பு மேல்தளத்தோருக்கே உண்டு, துடுப்போருக்கு இல்லை. ஆகவே இவ்வளவுகோல் மாற்றம் கீழ்த்தளத்தோருக்கும் பெருமையில் பங்களித்தது எனலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. தப்பியோடியவருக்கு ஈடாக உறவினரைப் பிடிக்கும் வழக்கத்தை நிறுத்துமாறு அரசவை ஆணையிட்டபோது, அவ்வாணையைத் திரும்பப் பெறுமாறு 1592இன் இறுதியில் வேண்டியவர் இவரே. வழக்கத்தின் கொடுமையை அவர் அறியாதவரல்லர். ஆயினும் பகைவர் கரையில் நிற்கும்போது அதனை நிறுத்தினால் கலங்களைச் செலுத்த ஆள் இராது என்பது அவரது வாதம். பெயர்களை எழுதிய கையே அப்பெயருடையோரைத் துடுப்போடு கட்டியும் வைத்தது. இம்முரணை நீக்கிவிட்டு எழுதப்படும் வரலாறு முழுமையாகாது.

7. ஹான்சான் தீவு முகாம்

1593இல் முகாம் ஹான்சான் தீவுக்கு மாறியது. அவ்வாண்டே மூன்று மாகாணங்களின் கடற்படைக்கும் ஒரே தலைவராக அவர் அமர்த்தப்பட்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் பெரும்போர்கள் குறைந்தன, நோய் மிகுந்தது. 1593–94இல் பரவிய கொள்ளைநோய், பகைவரின் குண்டுகளைக் காட்டிலும் மிகுதியான உயிர்களைக் கவர்ந்தது. தளபதியும் பல நாள் படுக்கையில் கிடந்தார்.

அரசு உணவு அனுப்பும் நிலையில் இல்லை. முகாமே தனக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டது. தீவுகளில் படைவிளைநிலங்கள் அமைக்கப்பட்டன, உப்பு காய்ச்சப்பட்டது, மீன் பிடித்து விற்றுத் தானியம் வாங்கப்பட்டது. வீரர்கள் களத்தை விட்டுச் செல்லாமல் தேர்வெழுத வேண்டும் என அரசவையிடம் இசைவு பெற்று, 1594இல் தீவிலேயே படைத்தேர்வு நடத்தப்பட்டது. நாட்குறிப்பின் இப்பகுதியில் வானிலை, விற்பயிற்சி, தண்டனைகள், கனவுகள், தாயின் நலம் பற்றிய கவலை ஆகியனவே மிகுதி.

8. சிறையும் தாயின் மறைவும்

1597இன் தொடக்கத்தில் ஜப்பானியர் தரப்பிலிருந்து வந்த இரட்டை உளவாளி ஒருவன், காதோ கியோமாசா கடல் கடந்து வரும் நாளைத் தெரிவித்தான். சென்று மறிக்குமாறு அரசவை ஆணையிட்டது. செய்தியை நம்ப யி சுன்-சின் தயங்கினார். காதோ அதற்குள் கரையிறங்கிவிட்டார். அரச ஆணையை மீறிய குற்றத்துக்காகத் தளபதி கைது செய்யப்பட்டுத் தலைநகர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். மூத்த அமைச்சர் ஜொங் தாக்கின் பரிவான விண்ணப்பம் அவரை மரண தண்டனையிலிருந்து காத்தது. மே மாதம் விடுதலையாகி, இரண்டாம் முறையாக வெள்ளுடை வீரரானார்.

மகனைக் காணத் தென்கரையிலிருந்து கப்பலில் புறப்பட்ட முதிய தாய் வழியிலேயே இறந்தார். ஆசானுக்கு வந்திருந்த மகன் கடற்கரையில் பிணப்பெட்டியைத்தான் எதிர்கொண்டார். துக்கச் சடங்குகளை நிறைவேற்றவும் அவருக்கு நேரம் தரப்படவில்லை. சில நாள்களில் தெற்கு நோக்கிப் புறப்பட வேண்டியிருந்தது. கன்பூசிய நெறியில் வாழ்ந்த ஒருவருக்கு இதனினும் பெரிய தண்டனை இல்லை.

அவருக்குப்பின் தளபதியான வொன் கியுன் 1597 ஆகஸ்ட் 28இல் சில்ச்சொல்லியாங் நீரிணையில் முறியடிக்கப்பட்டார். பல ஆண்டுகள் உழைத்துத் திரட்டிய கடற்படை ஒரே இரவில் அழிந்தது. முன்னதாக விலகிச் சென்ற பே சொல் என்பவரின் பன்னிரண்டு கலங்கள் மட்டுமே எஞ்சின.

9. மியொங்னியாங்

செப்டம்பரில் யி சுன்-சின் மீண்டும் தலைவராக்கப்பட்டார். கடற்படையைக் கலைத்துவிட்டுத் தரைப்படையில் சேருமாறு அரசவை கருதியபோது, பன்னிரண்டு கலங்கள் எஞ்சியிருப்பதைச் சுட்டி, கடலைக் கைவிட்டால் மேற்குக் கடல்வழி தலைநகர்வரை பகைவர்க்குத் திறந்துவிடும் என விடையெழுதினார்.

1597 அக்டோபர் 26இல், ஹேனாமுக்கும் ஜிந்தோ தீவுக்கும் இடைப்பட்ட மியொங்னியாங் நீரிணையில் 13 கலங்கள் 133 பகைக்கலங்களை எதிர்கொண்டன. நீரிணையின் குறுக்கம் பகைவரின் எண்ணிக்கையைப் பயனற்றதாக்கியது. கடும் நீரோட்டம் திசைமாறும் நேரம் போரின் போக்கைத் தீர்மானித்தது. நீரடியில் இரும்புச் சங்கிலி கட்டிக் கலங்களைக் கவிழ்த்ததாகக் கூறும் கதைக்கு நாட்குறிப்பில் இடமில்லை. அது கூறுவது வேறு. மற்றக் கலங்கள் அஞ்சிப் பின்தங்கின. தளபதியின் கலம் மட்டும் நெடுநேரம் தனித்துப் பொருதது. கொடியசைத்தும் கடிந்தும் அழைத்தபின்பே ஆட்சியர் ஆன் வீயின் கலம் முன்வந்தது. அக்கலத்தில் பகைவர் ஏறமுயன்றபோது துடுப்போர் ஏழெட்டுப் பேர் நீரில் பாய்ந்து நீந்தினர். அவர்களைக் காக்க இயலாதோ என அவர் அஞ்சியதை நாட்குறிப்பு பதிவு செய்கிறது. நாட்டின் தலைவிதி முடிவாகும் வேளையிலும் அவ்வேழெட்டுப் பேர் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

அன்று 31 பகைக்கலங்கள் உடைந்தன. இரு நாள் கழித்து எழுதிய குறிப்பில், தம் கலத்தில் இறந்தோரை எண்ணும்போது அதிகாரி கிம் தாக்கையும் அடிமை கியே-செங்கையும் ஒரே வரியில் பெயர் சொல்லிக் குறிக்கிறார்.

ஒரு மாதம் நிறைவதற்குள் ஆசானிலிருந்து மடல் வந்தது. ஊரைத் தாக்கிய ஜப்பானியருடன் பொருது இளைய மகன் மியொன் இறந்துவிட்டான். படையினர் முன் அழ முடியாத தளபதி, சில நாள் கழித்துத் தீவிலிருந்த உப்புக்காய்ச்சும் தொழிலாளி ஒருவரின் குடிலுக்குச் சென்றார். வாய்விட்டு அழ அவருக்குக் கிடைத்த இடம் அதுவே.

10. நொர்யாங்கும் பின்னரும்

1598இல் கோகும் தீவு முகாமில் மிங் நாட்டுத் தளபதி சென் லின் அவருடன் சேர்ந்தார். செப்டம்பரில் ஹிதேயோஷி இறந்தார். ஜப்பானியர் நாடு திரும்ப ஆயத்தமாயினர். அவர்களை மறித்த நொர்யாங் போரில், டிசம்பர் 16 அதிகாலை, யி சுன்-சின் குண்டடிபட்டு இறந்தார். போர் முடியும்வரை இறப்பை மறைக்குமாறு அவர் பணித்தார். மகன் ஹொவேயும் அண்ணன் மகன் யி வானும் அவ்வாறே செய்தனர்.

1604இல் அரசவை போர்ப்பணி ஆற்றியோருக்குச் சிறப்புப் பட்டங்கள் வழங்கியது. மன்னர் வடக்கே சென்றபோது உடன் சென்றவர்கள் 86 பேர் பட்டம் பெற்றனர். போரில் பணியாற்றியோர் பிரிவில் 18 பேர் மட்டுமே. முதல் தரத்தில் யி சுன்-சின், க்வொன் யுல் ஆகியோருடன் வொன் கியுனும் வைக்கப்பட்டார். அப்பதினெண்மருள் துடுப்போர் ஒருவரும் இல்லை. ‘சுங்மு’ என்னும் மறைவுக்குப் பிந்தைய சிறப்புப் பெயர் 1643இல்தான் கிடைத்தது.

1604ஆம் ஆண்டுப் பட்டங்களுக்கு முன்னரே அவருடைய படையினர் செயல்பட்டனர். 1603இல், அவரிடம் பணியாற்றியோர் யொசுவில் சிறு நினைவுக்கல் ஒன்றை நிறுவினர். கண்ணீர் சிந்தும் கல் என்னும் பொருள்படும் பெயருடன் அது இன்றும் நிற்கிறது.

11. முடிவுரை

யி சுன்-சின்னின் வாழ்க்கையை வெற்றிகளின் கணக்காக மட்டும் எழுதும்போது ஆமைக்கப்பலும் எண்ணிக்கைகளும் எஞ்சுகின்றன. அவரது எழுத்துகளோ கீழ்த்தளத்தையும் உள்ளடக்கிய கடற்படையைக் காட்டுகின்றன. தப்பியோடியவனின் தலையை வெட்டியதும், உறவினரைப் பிடிக்கும் வழக்கத்தைக் காத்ததும், அடிமையின் பெயரை அரசவைக்கு எழுதியதும், நீரில் நீந்திய துடுப்போருக்காக அஞ்சியதும் ஒரே மனிதரின் செயல்கள். இவற்றுள் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறைப்பது வாழ்க்கை வரலாற்றைப் புகழுரையாக்கிவிடும். தம்மைக் கட்டாயப்படுத்திய தலைவருக்கு அரசவை 1604இல் சிறப்புப் பட்டம் வழங்கும் முன்னரே அப்படையினர் கல் நட்டனர். அக்கல்லும் அவர் எழுதிவைத்த பெயர்களும் ஒருங்கே வைத்துப் படிக்கப்படும்போதுதான் அவரது வரலாறு நிறைவடைகிறது.